வேறுபடுத்துக: காசித்தும்பையும் வாண்டாவும்

(திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வினாத்தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு சொல் 'வேறுபடுத்துக'. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் வேறுபடுத்துக. தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை வேறுபடுத்துக. பிள்ளைகள் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் நான்கு வரி, வலப்பக்கம் நான்கு வரி எழுதிவிடுகிறார்கள். நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு பூக்களை இரண்டு கையிலும் வைத்துப் பார்த்து எழுதியதா, அல்லது உரைநூலில் இருந்த அட்டவணையை மனப்பாடம் செய்து எழுதியதா? விடைத்தாளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

நேரில் பார்த்து ஒப்பிடும் பழக்கத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர என் பள்ளியில் நான் பயன்படுத்தும் இரண்டு செடிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒன்று காசித்தும்பை. மற்றொன்று வாண்டா என்னும் ஆர்க்கிட்.

முதலில் காசித்தும்பை. நம் ஊரில் இதை அறியாத வீடு குறைவு. வாசல் ஓரத்தில், கிணற்றடியில், பள்ளித் தோட்டத்தில் தானாகவே முளைத்துக் கிடக்கும். இதன் தாவரவியல் பெயர் இம்பேசியன்ஸ் பால்சமினா. இம்பேசியன்ஸ் என்றால் பொறுமையற்றது என்று பொருள். பழுத்த காயைத் தொட்டால் ஐந்து கீற்றுகளாக வெடித்துச் சுருண்டு விதைகளை வீசி எறிகிறதல்லவா, அதனால் வந்த பெயர். விதை பரவும் பாடத்தில் 'வெடித்துச் சிதறுதல்' என்பதற்கு நாம் சொல்லும் எடுத்துக்காட்டும் இதுதான். ஒன்றை மட்டும் வகுப்பில் தெளிவுபடுத்திவிடுங்கள். பெயரில் தும்பை இருந்தாலும் இது தும்பை இனம் அல்ல. புறப்பொருளில் தும்பைத் திணைக்குப் பெயர் தந்த வெள்ளைத் தும்பை, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய இடம் இது. பெயர் ஒன்றாக இருந்தால் உறவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே ஒப்பிடுதலின் முதல் பாடம்.

இரண்டாவது வாண்டா. ஆர்க்கிட் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது திருமண மேடைதான். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடை அலங்காரத்தில் ஊதா நிற ஆர்க்கிட் கொத்துகளைப் பார்க்கிறார்கள். அதைக் குளிர்நாட்டுப் பூ, விலை உயர்ந்த பூ என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் மண்ணிலேயே ஆர்க்கிட் இருக்கிறது என்று சொன்னால் நம்புவதில்லை. வாண்டா டெசெல்லேட்டா என்னும் இந்த இனம் தமிழ்நாட்டின் சமவெளிகளிலும் சிறு மலைகளிலும் மாமரம், புளியமரம் போன்ற வயதான மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. மஞ்சள் கலந்த பச்சை இதழ்களில் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் ஓடும். நடுவில் நீலமும் ஊதாவும் கலந்த ஓர் உதடு. நல்ல மணமும் உண்டு. 1795ஆம் ஆண்டு வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் தாவரவியலாளர் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் தொற்றுத் தாவரத்தின் வேருக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்லும் வாண்டாவின் உறவு இதுதான்.

இவ்விரண்டையும் ஏன் ஒன்றாக வைக்கிறேன்? இரண்டு பூக்களிலும் ஒரு வால் இருக்கிறது. பூவின் பின்புறமாக, உள்ளே துளையுள்ள குழல் போல நீண்டிருக்கும் பகுதி. ஆங்கிலத்தில் ஸ்பர் என்பார்கள். என் வகுப்பில் நாங்கள் அதைத் 'தேன்வால்' என்று அழைக்கிறோம். காசித்தும்பையில் அது மெல்லியதாக, வளைந்து, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். வாண்டாவில் குட்டையான கூம்பு, சில மில்லிமீட்டர்தான். ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அளந்துவிடும்.

அளந்தபின் கேட்க வேண்டிய கேள்விதான் முக்கியமானது. அந்த வால் எந்த உறுப்பில் இருந்து வந்தது?

காசித்தும்பைப் பூவை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். வெளியே மூன்று புல்லிகள் உள்ளன. இரண்டு மிகச் சிறியவை. மூன்றாவது புல்லி இதழைப் போலவே நிறம் கொண்டு, படகு போல் குழிந்து, நுனியில் வாலாக நீள்கிறது. ஆகவே இங்கே தேன்வால் ஒரு புல்லி. அல்லி இதழ்கள் ஐந்து. ஆனால் நான்கு இதழ்கள் இரண்டிரண்டாக இணைந்திருப்பதால் பிள்ளைகள் எண்ணும்போது மூன்று என்றே சொல்வார்கள். அவர்களைத் திருத்த வேண்டாம். இணைந்த இடத்தைக் காட்டினால் தாங்களாகவே ஐந்துக்கு வந்துவிடுவார்கள்.

வாண்டாவில் வெளியே மூன்று, உள்ளே மூன்று என்று ஆறு பூவிதழ்கள். உள்வட்டத்தில் ஒன்று மட்டும் உதடாக மாறியிருக்கிறது. அந்த உதட்டின் அடிப்பகுதிதான் வாலாக நீண்டுள்ளது. ஆகவே இங்கே தேன்வால் ஓர் உள் இதழ்.

வடக்கே இமயமலைச் சரிவுகளில் வளரும் கொலம்பைன் என்ற செடியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அந்தப் பூவில் ஐந்து அல்லி இதழ்கள். ஐந்துக்கும் தனித்தனியே வால் உண்டு. கவிழ்த்துப் பிடித்தால் ஐந்து புறாக்கள் வட்டமாகக் கூடியிருப்பது போலத் தெரியும். லத்தீன் மொழியில் புறாவைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் கொலம்பைன் என்ற பெயரே வந்தது. நம் ஊரில் அது வளராது. படம் காட்டினால் போதும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் திரையில் பெரிதாகக் காட்டலாம்.

மூன்று செடிகள், மூன்று வெவ்வேறு குடும்பங்கள். ஒன்றில் புல்லி வாலானது. ஒன்றில் உதடு வாலானது. ஒன்றில் எல்லா இதழ்களுமே வாலாயின. வாண்டா ஒருவித்திலைத் தாவரம். காசித்தும்பையும் கொலம்பைனும் இருவித்திலைத் தாவரங்கள். இந்த இரு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பிரிந்து போனவர்கள் தனித்தனியே ஒரே மாதிரி வாலைச் செய்துகொண்டது எப்படி? பத்தாம் வகுப்பில் 'செயல் ஒத்த உறுப்புகள்' என்று பாடம் நடத்துகிறோம். வௌவாலின் இறக்கையையும் பூச்சியின் இறக்கையையும் படமாகப் போடுகிறோம். வௌவாலை வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. காசித்தும்பையைக் கொண்டுவரலாம்.

எப்படி என்ற கேள்விக்கு விடை, அந்தப் பூவைத் தேடி வருபவரிடம் இருக்கிறது. 1862ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வினுக்கு மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த ஓர் ஆர்க்கிட் வந்துசேர்ந்தது. அதன் தேன்வால் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர்; அதாவது நம் பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும் ஸ்கேல் அளவு. தேன் அடியில் மட்டுமே இருந்தது. அவ்வளவு நீளமான நாக்குடைய அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று டார்வின் எழுதினார். சிலர் நம்பவில்லை. 1903ஆம் ஆண்டில் மடகாஸ்கரில் இருந்து அத்தகைய நீள நாக்குடைய அந்துப்பூச்சி ஒன்று விவரிக்கப்பட்டது. அதைப் பார்க்க டார்வின் உயிரோடு இல்லை. பூவைக் கவனமாகப் பார்த்தவர், கண்ணால் காணாத பூச்சியைச் சொல்லிவிட்டார்.

கொலம்பைனைப் பற்றியும் 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. வட அமெரிக்காவில் தேனீக்கள் வரும் கொலம்பைன்களின் வால் குட்டை. ஓசனிச்சிட்டுகள் வரும் இனங்களில் அதைவிட நீளம். பருந்து அந்துப்பூச்சிகள் வரும் இனங்களில் மிக நீளம். வரும் விருந்தாளி மாறும்போது வாலின் நீளமும் மாறியிருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. குட்டை வாலுக்கும் நீள வாலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் செல்களின் எண்ணிக்கையால் வருவதில்லை. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு நீள்கிறது என்பதால் வருகிறது. 2012இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பை, செல் பாடம் நடத்தும்போது சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் கண்கள் விரியும்.

இப்போது ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு. எழுத்துத் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டாதவன். வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துகொள்வான். அவன் ஊரில் ஒரு பெரிய மாமரத்தின் கிளை காற்றில் முறிந்து விழுந்தது. அதில் ஒட்டியிருந்த வாண்டாச் செடியைப் 'புல்லுருவி' என்று சொல்லி எரிக்கக் குவித்து வைத்திருந்தார்களாம். அவன் அதைச் சைக்கிளில் கட்டிப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். தேங்காய் நாரை வைத்துப் பள்ளி வேப்பமரத்தில் கட்டினோம். மறு ஆண்டு பூத்தது.

பூ விரிவதற்கு முன்பிருந்தே தினமும் போய்ப் பார்த்தவன் அவன்தான். ஒருநாள் வந்து சொன்னான், "டீச்சர், இந்தப் பூ தலைகீழா திரும்புது. மொட்டுல உதடு மேல இருந்துச்சு. இப்ப கீழ வந்துருச்சு. காம்பப் பாருங்க, முறுக்குன கயிறு மாதிரி இருக்கு."

கல்லூரித் தாவரவியல் நூல்களில் ரெசுபினேஷன் என்று ஒரு சொல் இருக்கிறது. பூ தன் காம்பையோ சூற்பையையோ முறுக்கி நூற்றெண்பது பாகை திரும்புவதைக் குறிக்கும் சொல். பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் இது நடக்கிறது. வந்து இறங்கும் பூச்சிக்கு உதடு ஒரு திண்ணையாக அமைய வேண்டும் அல்லவா, அதற்கான ஏற்பாடு. வியப்பு என்னவென்றால் காசித்தும்பையிலும் இதே திருப்பம் உண்டு. வால் உள்ள புல்லி பிறப்பால் பின்பக்கத்துப் புல்லி. காம்பு முறுக்கிக்கொள்வதால்தான் கீழே வருகிறது. அந்தச் சொல்லை அவனுக்கு நான் சொல்லித் தரவில்லை. சொல் இல்லாமலே அவன் கண்டுபிடித்துவிட்டான். அன்று முதல் வகுப்பில் 'முறுக்கு' என்ற வரிசை எங்கள் அட்டவணையில் சேர்ந்தது. எந்த உரைநூலிலும் இல்லாத வரிசை. அதை எழுத மற்ற பிள்ளைகள் அவனிடம்தான் கேட்டார்கள். அவனும் தன் கையால் எழுதினான், எழுத்துப் பிழைகளோடு எழுதினான், ஆனால் எழுதினான்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதைத்தான். அட்டவணையை நாம் கொடுத்தால் நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளை மட்டும் வெல்லும். பூவைக் கொடுத்தால் நன்றாகப் பார்க்கும் பிள்ளையும் வெல்லும். அந்தப் பிள்ளை நம் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் கடைசி வரிசையில்.

இதை எப்படி நடத்துவது என்று நடைமுறையாகச் சில கருத்துகள்.

முதலாவது, ஒற்றுமையில் தொடங்குங்கள். எந்த ஒற்றுமையும் இல்லாத இரண்டை ஒப்பிட்டால் பயன் இல்லை. "இரண்டிலும் என்ன ஒன்றாக இருக்கிறது?" என்று முதலில் கேட்டால், பிள்ளைகள் வாலைப் பிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கேள்வி இருக்க வேண்டும். 'காசித்தும்பை மண்ணில் வளரும்; வாண்டா மணம் உள்ளது' என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. எங்கே வளர்கிறது என்பது ஒரு கேள்வி, மணம் உண்டா என்பது மற்றொரு கேள்வி. நான் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுகிறேன். முதல் பத்தியில் கேள்வி, அடுத்த இரண்டில் விடை. கேள்வியைப் பிள்ளைகளே எழுத வேண்டும்.

மூன்றாவது, விடையைச் செடியிடம் கேட்க வேண்டும். வேர் எப்படி இருக்கிறது? வாண்டாவின் வேர் காற்றில் தொங்கும், வெள்ளிபோல வெளுத்திருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளியுங்கள். சற்று நேரத்தில் பச்சையாக மாறும். இறந்த செல்களால் ஆன வேலமன் என்னும் உறை பஞ்சுபோல நீரை உறிஞ்சியதும், உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. காசித்தும்பைத் தண்டை வெட்டிச் சிவப்பு மை கலந்த நீரில் வைத்தால், சில மணி நேரத்தில் தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறுவதைக் காணலாம். நீர் எப்படி உள்ளே போகிறது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு செடிகளும் தரும் இரண்டு விடைகள் இவை.

மகரந்தம் எங்கே? காசித்தும்பையில் ஐந்து மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிச் சூற்பையின்மேல் தொப்பிபோல மூடியிருக்கும். நாளாக ஆகத் தொப்பி கழன்று விழும். அதன் பிறகே சூல்முடி வெளிப்படும். புதிய பூவையும் பழைய பூவையும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இது தெரியும். தன் மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்று கண்முன்னே நிற்கிறது. வாண்டாவில் மகரந்தம் தூளாக இராது. மஞ்சள் நிறக் கட்டிகளாகத் திரண்டிருக்கும். பூச்சி அதை அப்படியே ஒட்டிக்கொண்டு தூக்கிச் செல்லும்.

விதை எப்படி? காசித்தும்பை விதையை விரலால் எண்ணலாம். வாண்டாவின் விதை தூசி, காற்றில் பறக்கும், ஒரு காயில் எண்ணிலடங்காதவை. ஆனால் அந்த விதைக்குள் சேமித்த உணவு இல்லை. தகுந்த பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் இயற்கையில் அது முளைக்கும். எங்கு போட்டாலும் முளைக்கும் காசித்தும்பை ஒரு பருவத்தில் பூத்துக் காய்த்து மடிகிறது. அரிதாக முளைக்கும் வாண்டா பல ஆண்டுகள் வாழ்கிறது. எது சிறந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன என்பதே விடை.

நான்காவது, சில எச்சரிக்கைகள். காசித்தும்பை விதை வாங்கும்போது ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்து வாங்குங்கள். அடுக்குப் பூவில் இதழ்கள் பெருகியிருப்பதால் உறுப்புகளை எண்ண முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் பூத்துவிடும். வாண்டாவை மட்டும் எங்கிருந்தும் பிடுங்கி வரச் சொல்லாதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கிறது. மரத்தில் இருப்பது மரத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப் போய் வரையச் சொல்லுங்கள். கிளை முறிந்து கீழே விழுந்த செடியைக் கண்டால் மட்டும் காப்பாற்றி மற்றொரு மரத்தில் கட்டுங்கள்.

'புல்லுருவி' என்ற சொல்லையும் வகுப்பில் பேசியாக வேண்டும். உண்மையான புல்லுருவி மரத்தின் திசுவுக்குள் வேரைச் செலுத்தி நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்வது. வாண்டா மரத்திடம் இருக்க இடம் மட்டுமே கேட்கிறது. பட்டையின் மேல்தான் அதன் வேர். மழையிலும் காற்றின் ஈரத்திலும் வாழ்கிறது. இந்த ஒரு வேறுபாடு ஊருக்குத் தெரியாததால்தான் பல செடிகள் விறகோடு எரிகின்றன. வகுப்பில் சரியாக வேறுபடுத்தக் கற்ற பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் ஒரு செடி பிழைக்கும். அந்த மாணவன் ஊரில் இருந்த மாமரம் இப்போது இல்லை. வீடு கட்ட வெட்டிவிட்டார்கள். அந்த மரத்தில் இருந்த வாண்டாவில் மிஞ்சியது எங்கள் வேப்பமரத்தில் இருப்பது மட்டும்தான்.

நமக்குத் துணையாகத் திருச்சியிலேயே இடங்கள் இருக்கின்றன. தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் உள்ளது. அங்கிருந்துதான் அருட்தந்தை கே.எம். மாத்யூ தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980களில் வெளியிட்டார். அதற்காக நம் மலைகளிலும் வயல்வெளிகளிலும் நடந்து சேகரித்த உலர் தாவரங்கள் அங்கே இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. எந்தப் பூச்சி எந்தப் பூவில் நாக்கை நீட்டுகிறது என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் நின்று குறித்தால், டார்வின் கதை அவர்களுடைய கதையாகிவிடும். 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கி வைக்கப்பட்டதும் நம் திருச்சியில்தான். அதன் செயல்பாடுகளில் ஒன்றாகவே இதைச் செய்யலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தேன்வால் வரலாற்றுக்குப் போக வேண்டாம். இரண்டு இலைகள் போதும். காசித்தும்பை இலையில் நரம்புகள் வலைபோல. வாண்டா இலை பட்டையாக, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக. அருகம்புல் எதைப் போல, அரசிலை எதைப் போல என்று பிள்ளைகளே தொடர்வார்கள். வாண்டா கிடைக்காத பள்ளிகள் கவலைப்பட வேண்டாம். காசித்தும்பையையும் சங்குப்பூவையும் வைத்தே தொடங்கலாம். செடி எதுவானாலும் முறை ஒன்றுதான்: ஒற்றுமையைக் காண்பது, கேள்வியை எழுதுவது, விடையைச் செடியிடம் பெறுவது.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஒரு பிடி காசித்தும்பை விதையை உங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே தூவிவிடுங்கள். கேட்பவர்களுக்குத் தருவதற்கு என் பையில் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.